நம்பரை நீயே போட்டுக்கோ, பேராண்டி

ஆய்வேடு முந்நூறு பக்கத்தைத் தாண்டிட்டுன்னு சொன்னியே பேராண்டி, கேக்கவே குளுந்து போச்சு. இனிமே ஒண்ணே ஒண்ணு செய்யி. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் 'படம் 1', 'படம் 2'ன்னு உன் கையாலயே அடி. வேர்டு தானா எண்ணிக்கிடும்னு எவனாவது சொன்னா நம்பாத. அது வெறும் மிசினு. நீ எம்.ஃபில். முடிச்சவன். உனக்குத் தெரியாத எண்ணா?

ஏன் சொல்லுதேன்னா, பல்கலைக்கழக வாசல்ல ஜாப் டைப்பிங் கடை போட்டிருக்கவனுவளும் பிழைக்கணும்லா. சமர்ப்பிக்கதுக்கு மொத நாள் ராத்திரி பூரா உக்காந்து நம்பர் மாத்துத கூலியிலதான் அவனுவ வீட்டுக்கு மாடி எழும்புது. நான் லோயர், ஹையர்னு டைப்ரைட்டிங் சொல்லிக் குடுத்த காலத்துல, ரெமிங்டன்ல ஒரு நம்பர் மாறிட்டுன்னா அந்தப் பக்கத்தையே கார்பன் வச்சு மறுபடி அடிக்கணும். வேற வழி கிடையாது. 1983-லயே வேர்டு வந்தாச்சு. நீ இன்னும் ரெமிங்டன் காலத்துலயே நிக்க. பழமையை இப்பிடிக் காப்பாத்துத பிள்ளையை நான் பாத்ததே இல்ல.

உன் தாமிரவருணி இயலையே எடுத்துக்கோ. ஆத்துல அணைக்கட்டு எட்டு. நீ போட்ட படம் ஏழு. கோடைமேலழகியான், நதியுண்ணி, அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கன்னடியனைக் காணோம். கன்னடியன் கால்வாய்த் தண்ணியில விளைஞ்ச சோத்தைத் தின்னு வளந்த உடம்புடே அது! நெறியாளர் பாத்துட்டு, 'மூணாவதாச் சேருங்க'ன்னாரு. சேத்தே. அதுக்குக் கீழ கெடந்த அஞ்சு படத்துக்கும் நம்பரை மாத்துனே. பலே. ஆனா இருவது பக்கம் தள்ளி, 'படம் 6-இல் காணும் மருதூர் அணைக்கட்டு'ன்னு ஒரு வரி எழுதி வச்சியே, அதை யாரு மாத்துவா? இப்பம் படம் 6 சுத்தமல்லி. வாய்மொழித் தேர்வுக்கு வாரவரு சுத்தமல்லிக்காரரா இருந்துட்டா, அன்னைக்கு உனக்கு இருக்கு கச்சேரி.

சரி, சொந்தப் பேரனாப் போயிட்டே. தொழில் ரகசியம், வெளிய விட்டுராத.

படத்து மேல வலது கிளிக் பண்ணு. 'இன்சர்ட் கேப்ஷன்'னு ஒண்ணு வரும். அங்க 'நியூ லேபில்'னு ஒரு பொத்தான் இருக்கு, அதுல 'படம்'னு தமிழ்லயே குடு. அட்டவணைக்குத் தனியா இன்னொரு லேபில். 'படம்'னு நீ கையால அடிச்சது வேற, அது போட்டது வேற. பாக்கதுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆல்ட்டும் எஃப்9-உம் சேத்து அமுக்கிப் பாரு, அதுக்குள்ள இருக்க சூத்திரம் வெளிய தெரியும். 'எனக்கு முன்னால எத்தனை படம் இருக்கோ அதோட ஒண்ணு'ன்னு கணக்குப் போடுத சூத்திரம் அது. கல்யாணப் பந்தியில நடுவுல ஒருத்தர் வந்து உக்காந்தா, ஆளை எண்ணுதவன் மறுபடி ஒருக்கா எண்ணுனாப் போதும். இலைக்கு இலை நம்பர் எழுதி வச்சவன்தான் ஒக்காந்து அழணும்.

படத்துக்கு அடியில நம்பர் வந்தாச்சு. வாக்கியத்துக்குள்ள வாரதுக்கு? அங்கயும் கையால அடிக்காத. 'ரெஃபரன்சஸ்' தாவலுக்குள்ள 'கிராஸ் ரெஃபரன்ஸ்' இருக்கு. மேல 'படம்'னு தெரிஞ்செடுத்தா உன் படம் எல்லாம் வரிசை கட்டி நிக்கும். எது வேணுமோ அதைத் தொடு, 'ஒன்லி லேபில் அண்ட் நம்பர்'னு குடு. முழு கேப்ஷனையும் குடுத்தியோ, 'படம் 7 மருதூர் அணைக்கட்டின் கீழ்ப்புறத் தோற்றம்-இல் காண்க'ன்னு வாக்கியம் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கும்.

இங்கன தமிழ் எழுதுதவனுக்குன்னு ஒரு குழி இருக்கு, கவனமாக் கேளு. '-இல்', '-ஐ'ன்னு வேற்றுமை உருபு சேக்கணும்லா? அதை, மிசினு போட்ட நம்பர் மேல கர்சரை வச்சாத் தெரியுத சாம்பல் கட்டத்துக்கு வெளிய அடிக்கணும். உள்ள அடிச்சா அப்போதைக்கு அழகாத்தான் இருக்கும். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது உருபைத் தூக்கித் தூரப் போட்டுட்டு 'படம் 7'ன்னு மொட்டையா நிக்கும். இலக்கணம் தெரியாத பயன்னு உனக்குப் பேரு வரும், வேர்டுக்கு வராது. ஆப்ஷன்ஸுக்குள்ள 'அட்வான்ஸ்ட்'ல 'ஃபீல்டு ஷேடிங்'குன்னு ஒண்ணு இருக்கு, அதை 'ஆல்வேஸ்'னு வச்சிரு. மிசினு போட்ட நம்பர் எல்லாம் சாம்பலாத் தெரியும், கைநம்பர் வெள்ளையாக் கெடக்கும். அச்சுல அந்தச் சாம்பல் வராது. கூட்டத்துல களவாணியைக் கண்டுபிடிக்க இதைவிட லேசான வழி கிடையாது.

எல்லாம் செஞ்சுட்டு, படத்தை மாத்தி வச்சும் நம்பர் மாறலையேன்னு எங்கிட்ட வந்து நிப்பே. அது உன்னை மாதிரிதான், சொன்னாத்தான் வேலை பாக்கும். கண்ட்ரோல் ஏ, பொறவு எஃப்9. அடிக்குறிப்புக்குள்ள ஏதாவது சுட்டி வச்சிருந்தா அது இதுல சிக்காது. அங்க போய்த் தனியா எல்லாத்தையும் பிடிச்சு எஃப்9 அமுக்கணும். படப் பட்டியலு 'பக்க எண் மட்டுமா, முழுசுமா'ன்னு கேக்கும். முழுசும்னு சொல்லு. அங்கயும் சோம்பேறித்தனம் பாத்தா பட்டியல்ல கன்னடியன் இருக்காது.

அமுக்குனதும் ஒரு எடத்துல 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்'னு தடிச்ச எழுத்துல கத்தும். பயந்துராத. நீ கிராஸ் ரெஃபரன்ஸ் குடுக்கும்போது அந்த கேப்ஷன்ல ஒரு மறைவு புக்மார்க்கை வேர்டு ஒட்டி வைக்கும். நீ அந்த கேப்ஷனை அழிச்சுட்டு, 'அதேதானே'ன்னு புதுசா ஒண்ணு போட்டிருப்பே. வேர்டுக்கு அது அதே இல்ல. பழைய புக்மார்க்கு போயிட்டு, அம்புட்டுதான். படத்தை மாத்தணும்னா படத்தை மட்டும் மாத்து, கேப்ஷன் மேல கை வைக்காத. இடம் மாத்தணும்னா ரெண்டையும் சேத்து வெட்டி ஒட்டு. இன்னொண்ணு, கேப்ஷனுக்குத் தொடக்கத்துல கர்சரை வச்சு எண்டரைத் தட்டாத. புக்மார்க்கு மேல இருக்க வரியையும் சேத்துப் பிடிச்சிரும். பொறவு எஃப்9 அமுக்குனா வாக்கியத்துக்கு நடுவுல தேவையில்லாத வரியெல்லாம் வந்து குத்தவச்சிருக்கும்.

இயல் எண்ணோட 'படம் 3.2'ன்னு வேணுமா? அப்பம் 'இயல் மூன்று'ன்னு நீயே பெருசா போல்டு போட்டு வச்சிருக்கியே, அது செல்லாது. தலைப்பு 'ஹெட்டிங் 1' ஸ்டைல்ல இருக்கணும், அதுக்கு மல்ட்டிலெவல் லிஸ்ட்ல எண் ஓடணும். இல்லன்னா வேர்டு மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்லிரும். ஆறு இயலை ஆறு ஃபைலா வச்சிருக்கதும் ஆகாது. ஒரு ஃபைல்ல இருக்க படத்தை இன்னொரு ஃபைல்ல இருந்து கிராஸ் ரெஃபரன்ஸ் பட்டியல்ல தேடுனாக் கிடைக்காது. எல்லாத்தையும் ஒரே ஃபைலாக் கட்டு.

படத்தை 'இன்லைன் வித் டெக்ஸ்ட்'னு வை. மிதக்க விட்டா கேப்ஷன் தனிப் பெட்டியில ஏறிக்கிட்டு, படம் ஒரு திசை, பேரு ஒரு திசைன்னு போயிரும். 'கீழ்க்காணும் படத்தில்'னு எழுதுத பழக்கத்தையும் விடு. நீ கீழன்னு எழுதுன படம் பைண்டிங் ஆகும்போது அடுத்த பக்கத்து உச்சியில உக்காந்திருக்கும்.

கணக்குத் துறைப் பிள்ளைய இதைக் கேட்டுச் சிரிக்கும். அதுக லேட்டெக்ஸ் ஆளுக. லெஸ்லி லாம்போர்ட்டுன்னு ஒருத்தர் 1980கள்ல செஞ்சது. அங்க நம்பரைப் பத்திக் கவலையே இல்லன்னு பெருமை அடிக்கும். நம்பாத. லேபிலை கேப்ஷனுக்கு முன்னால வச்சிட்டா அங்கயும் தப்பு நம்பர்தான். ஒரு தடவை மட்டும் ஓட்டுனா நம்பர் இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு கேள்விக்குறி நிக்கும். சிரிக்க முன்னால அதைக் கேளு.

கடைசி நாள் வேலைக்கு வருவோம். கண்ட்ரோல் ஏ, எஃப்9. பொறவு தேடுத பெட்டியில 'எரர்!'னு போட்டுத் தேடு. ஒண்ணும் இல்லன்னா மட்டும் பி.டி.எஃப். எடு. தேடிட்டுப் புதுப்பிக்காத, புதுப்பிச்சுட்டுத் தேடு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அஞ்சு பிரதி பைண்டிங் காசு.

அந்த நேரம் பாத்து ஒரு சேக்காளி வருவான். 'கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அமுக்குடே, இனிமே எதுவுமே மாறாது'ன்னு யோசனை சொல்லுவான். பொய்யில்ல, எதுவுமே மாறாது. எல்லா ஃபீல்டும் செத்து வெறும் எழுத்தாயிரும். நெறியாளர் மறுநாள் இன்னும் ஒரு படம் சேக்கச் சொன்னா நீ மறுபடி ரெமிங்டன்தான். அப்பிடிச் செஞ்சே தீரணும்னா நகல்ல செய்யி, மூலத்துல வேண்டாம். அவன் டீ வாங்கிக் குடுத்தாக் குடி. கீபோர்டை மட்டும் அவன் பக்கம் நகத்திராத.