வேலைக்கென்றே பிறந்த கார்

எங்கள் மேல்வீட்டு கன்சல்டன்ட் அண்ணனின் காரைப் போல ஒரு உழைப்பாளியை நான் பார்த்ததில்லை. தொழிலுக்காகவே, முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே ஆன செலவைத்தான் கழிக்கலாம் என்றது 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம். அதை எழுதியவர் இந்தக் காரைக் கனவில் கண்டிருக்க வேண்டும். மச்சினி வளைகாப்புக்கு மதுரை போனால் அது மார்க்கெட் சர்வே. திருப்பதி போனால் கிளையண்ட் மீட்டிங். கிளையண்ட் பெயர் ஏழுமலையான்.

நானும் சொந்தத் தொழில்காரன்தான். ஆனால் பிழைக்கத் தெரியாதவன். வண்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்து, மீட்டரைக் குறித்து, வீட்டு வேலைக்கு ஓடியதைக் கழித்துவிட்டு மூன்றில் இரண்டு பங்கை மட்டும் காட்டுகிறேன். சொந்த உபயோகம் கலந்தால் நியாயமான பங்குதான் என்று சட்டம் சொன்னதை நம்பித் தொலைத்தேன்.

அண்ணன் நாள் பார்ப்பதிலும் கெட்டிக்காரர். வருஷத்தில் 180 நாளாவது வண்டி தொழிலில் இருந்தால்தான் முழு 15 சதவீதத் தேய்மானம், குறைந்தால் பாதி. எண்ணிப் பார்த்து அக்டோபர் 3ஆம் தேதி ராகு காலத்திலேயே வண்டியை எடுத்தார். இதில் தப்பே இல்லை, பாராட்டித்தான் ஆக வேண்டும்.

அந்தக் காருக்கு ஒழுக்கமும் உண்டு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செலவில் சேராது என்பது அதற்குத் தெரியும். எனவே தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு 9,900 ரூபாய்க்கு மட்டும் அடக்கமாகப் பழுதாகும். பெட்ரோல் பில்களோ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஏப்ரல் பில் 412, மே பில் 413, ஜூன் பில் 414. எல்லாவற்றிலும் ஒரே பச்சை மை, அண்ணியின் முத்துமுத்தான கையெழுத்து.

போன வருஷம் பெட்ரோல் மட்டும் 3,60,000 ரூபாய். லிட்டர் நூறு, லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று போட்டாலும் 54,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு முப்பத்தெட்டு தடவை போய் வந்திருக்கிறது, பாவம்.

இப்போது அதை விற்கிறார். கேட்டில் விளம்பரம் ஒட்டியிருக்கிறது, அதே பச்சை மையில்: 'மூன்று வருஷத்தில் 28,000 கி.மீ. மட்டுமே. குடும்பத்தோடு கோயில், கல்யாணத்துக்கு மட்டும் எடுத்த வண்டி. ஆபீஸ் வேலைக்குத் தொட்டதே இல்லை.'