டச்சுக்காரன் தோற்ற இன்னோர் ஊர்

மக்காவ்,
நவம்பர் கடைசி வாரம்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் சூதாட்ட ஊரில் குடியேறிவிட்டதாகக் கோட்டாறு கம்போளம் முழுக்கப் பேச்சு என்று அம்மா சொன்னாள். ஊர் அப்படிப்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால், மேசையில் சீட்டுப் போடும் ஊழியர்கள் வேலை முடிந்தபின் சூதாட்ட மண்டபத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்று 2019 கடைசியிலிருந்து சட்டம். சீனப் புத்தாண்டின் முதல் 3 நாள் மட்டும் விலக்கு உண்டு. நானோ ஓட்டல் கணக்குப் பிரிவு. அடுத்தவன் தோற்ற பணத்தைக் கூட்டிப் பார்ப்பதோடு சரியாக்கும்.

ஊர் மொத்தமே சுமார் 33 சதுர கிலோமீட்டர். அகஸ்தீஸ்வரம் தாலுகாவுக்குள் இதைப்போல் பல மக்காவ் அடங்கும். 1557-ல் குடியேறிய போர்த்துக்கீசியர், 1999 டிசம்பர் 20-ல்தான் சீனாவிடம் ஒப்படைத்தார்கள். தெருப் பெயர்கள் இன்றும் நீலமும் வெள்ளையுமான பீங்கான் பலகையில், சீனத்திலும் போர்த்துக்கீசியத்திலும். எனக்கு இரண்டும் சமம். பாகுபாடில்லாமல் இரண்டையும் ரசித்துவிட்டுக் கடைக்காரரிடம் வழி கேட்பேன்.

செனடோ சதுக்கத் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்து அலை வரைந்திருக்கிறார்கள். நீங்கள் வந்தால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துத்தான் நடப்பீர்கள். அங்கிருந்து மேலே ஏறினால் பவுல் கோயில். 1835-ல் தீப்பிடித்து, முகப்பும் படிக்கட்டும்தான் மிச்சம். முகப்பில் மாதா ஏழு தலைப் பாம்பை மிதிக்கிறாள். பக்கத்திலேயே சீன எழுத்தில் விளக்கம். செதுக்கியவர்களில் ஜப்பானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களும் உண்டு. இதை ஒட்டியே நாச்சா என்ற சீனக் குழந்தைச் சாமிக்கு 1888-ல் கட்டிய கோயில். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். எனக்கென்ன? கன்னியாகுமரியில் பகவதியம்மனும் அலங்கார உபகார மாதாவும் ஒரே கடலைப் பார்த்துக் குடியிருக்கவில்லையா?

சாப்பாட்டிலும் இதே கதை. 'ஆப்பிரிக்கக் கோழி' என்று ஒன்று. காரமான ஆப்பிரிக்க மிளகாய், தேங்காய்ப்பால், நிலக்கடலை. சமைத்தது மட்டும் மக்காவில். தேங்காய் இருந்ததால் மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன். கோலோவானில் முட்டை டார்ட் விற்கிறது: பண்டம் போர்த்துக்கீசியருடையது, 1989-ல் அங்கே சுட ஆரம்பித்தவர் ஆங்கிலேயர், வரிசையில் நிற்பது சீனர், நடுவில் நான்.

உங்கள் குளச்சல் பெருமைக்குத்தான் இங்கே ஓர் இடைஞ்சல். கேட்டீளா, 1741-ல் குளச்சல் போரில் நாம் டச்சுக்காரனைத் தோற்கடிப்பதற்கு 119 வருடம் முன்னாலேயே, 1622 ஜூன் 24-ல், இவர்களும் அவனை விரட்டியிருக்கிறார்கள்! சேசு சபைக்காரர்கள் சுட்ட பீரங்கிக் குண்டு டச்சுக்காரன் வெடிமருந்தில் விழுந்ததாம். ஆனாலும் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயையே நம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்து, கடைசியில் உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையும் கொடுத்த சாமர்த்தியம் நம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்குத்தான் உண்டு. அந்த வகையில் நாம்தான் ஒரு படி மேலே.

இப்போது முக்கியமான விஷயம். நம் கோட்டாறு கோயிலின் புனித சவேரியார் 1552 டிசம்பர் 3-ல் உயிர் விட்டது இந்தப் பக்கத்து சாங்சுவான் தீவில். உடல் கோவாவில், வலது முன்கை ரோமில், மேற்கை எலும்பு இங்கே சூசையப்பர் செமினரி கோயிலில். 1544 கடைசியில் நம் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை. உழைத்த கைக்குத்தான் இத்தனை ஊர் போட்டி போடும்போல.

டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவன்று விடுப்பு கேட்டேன். உங்கள் மாவட்டத்துக்கு விடுமுறை என்றால் என் கணக்குப் பிரிவுக்கு என்ன என்கிறார் மேலாளர். கலெக்டர் உத்தரவைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். உள்ளூர் விடுமுறைச் செய்தி வந்ததும் படம் பிடித்து அனுப்புங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அரசு முத்திரை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் போதும்.

பெரியம்மாவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்