குண்டு நேரே வந்தது, ஹெட்லைட் சுற்றி வருகிறது

உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைப் பார்த்தபடி இருக்கிறது திருகோணமலையின் ஓர்ஸ் ஹில். அங்கே பழைய கொரோலா ஒன்றுக்குப் பாவித்த ஹெட்லைட் தேடிப் பாருங்கள். கராஜ் பாஸ் சொல்லும் பதில் எல்லாருக்கும் மனப்பாடம்: "பொறுங்கோ தம்பி, பஞ்சிகாவத்தைக்கு ஒரு கோல் அடிச்சுக் கேக்கிறன்."

ஜப்பானில் கழற்றிய லைட் கொழும்பில் இறங்கும். அங்கே உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் விலை ஏறும். பிறகு பஸ்ஸில் சுமார் 260 கிலோமீற்றர் குலுங்கி, துறைமுகம் உள்ள ஊருக்கு வந்து சேரும். கோதுமைக் கப்பலுக்கு இங்கே ஆழம் இருக்கிறது. சீமெந்து ஆலைக்கு வரும் கப்பலுக்கும் இருக்கிறது. ஹெட்லைட் என்றால் மட்டும் கடல் வற்றிவிடும் போல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் அனுப்பிய சாமான் திருகோணமலைக்கு நேரே வந்தது. தீர்வை இல்லை, தரகர் இல்லை, கொழும்பும் இல்லை. அது குண்டு.

"புதுசு வாங்கலாமே" என்று கேட்கும் கனவான்களும் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில், 2022இல், 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தொட்டது. இப்போது கதவு திறந்திருக்கிறது. வாசலில் வரி நிற்கிறது. ஆகவே சனம் கிழட்டுக் கார்களுக்கு ஆயுள் நீட்டித்து ஓட்டுகிறது. மேலே இருப்பவர்கள் அதற்குப் பொருளாதார மீட்சி என்று பெயர் வைத்தார்கள். மீட்டது யார்? காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த பாஸ்.

சிக்கனம் பற்றி நமக்கு வகுப்பெடுத்தவர்களின் கணக்கையும் பார்ப்போம். 2016 மே மாதம் நாட்டில் வெள்ளம். அரநாயக்கவில் மலை சரிந்து ஆட்களை மூடியது. அடுத்த மாதமே பாராளுமன்றத்துக்கு ஒரு குறைநிரப்பு மதிப்பீடு வந்தது. தொகை நூறு கோடி ரூபாய்க்கு மேல். கூடாரத்துக்கு என்று நினைத்தீர்களா? அமைச்சர்மாருக்கு வாகனம். போதாததற்கு, எம்.பி.மாருக்குத் தீர்வையில்லாப் பேர்மிட். அதை விற்றுக் காசாக்கும் கலை ஊரறிந்தது. வரி கட்டாதவர்கள்தான் நம் வரியைத் தீர்மானித்தார்கள்.

பாவித்த சாமான் நாட்டில் இல்லையா? குவிந்து கிடக்கிறது. பொலிஸ் நிலைய வளவுகளைப் பாருங்கள். வழக்கு முடியும்வரை வாகனம் சான்றுப்பொருள். வழக்கு முடிவதற்குள் வாகனம் முடிந்துவிடும். அரச அலுவலகங்களின் பின்பக்கமும் அதே காட்சிதான். ஓடாத வண்டியைக் கழித்தொதுக்க ஒரு குழு. விலை மதிக்க இன்னொரு குழு. பிறகு அனுமதி, பிறகு ஏலம். கையொப்பம் எல்லாம் சேர்வதற்குள் இருக்கையைத் துளைத்துக்கொண்டு மரம் வளர்ந்துவிடும். நல்ல கதவு, நல்ல கியர்பெட்டி, நல்ல கண்ணாடி, எல்லாம் துருவுக்குத் தானம். வாங்கியது நம் காசு. துருப்பிடிப்பதும் நம் காசு.

துருவில் நமக்குப் பெருமையான வரலாறும் உண்டு. திருகோணமலைச் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் 99. பெரும்பாலானவை பல தசாப்தங்களாகக் காட்டுக்குள் கிடந்தன. 2022 ஜனவரியில் அவற்றுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். அதே ஆண்டு ஜூலையில் பெற்றோலுக்கு நம்மைக் கியூஆர் கோட்டுடன் வரிசையில் நிறுத்தினார்கள்.

2025இல் ஜனாதிபதி செயலகம் சொகுசு வாகனங்களை ஏலம் விட்டது. கைதட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ஏலத்தில் கை தூக்கக்கூடியவன் பழைய ஹெட்லைட்டுக்கு அலைகிறவன் அல்ல.

ஒரே ஒரு சுற்றுநிருபம் போதும். கழித்த வண்டியை ஆறு மாதத்துக்குள் கழற்றி, விலை எழுதி ஒட்டி, அந்தந்த மாவட்டத்திலேயே பொதுமக்களுக்கு விற்க வேண்டும். அது நடக்கும்வரை எந்த அமைச்சருக்கும் புது வாகனம் கிடையாது. பழையதையே பாவித்த சாமான் போட்டு ஓட்டட்டும், அந்தச் சாமானையும் அவர்களே தேடட்டும். அப்புறம் பாருங்கள். ஒரே கிழமையில் திருகோணமலைக்கு ஹெட்லைட் கப்பல் வரும். ரிப்பன் வெட்டவும் அவர்களே வருவார்கள்.