எம்.ஏ. எக்கனாமிக்ஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

எம்.ஏ. பொருளாதாரம் படித்தால் வாத்தியார் வேலை தவிர வேறென்ன கிடைக்கும்? (மாணவி, திருவாரூர்)

முதலில், வாத்தியார் வேலையைக் குறைத்து நினைக்காதீர்கள். அது போக, மத்திய அரசில் 1961 முதல் இந்தியப் பொருளாதாரப் பணி என்று ஒன்று இருக்கிறது. யு.பி.எஸ்.சி. தேர்வுதான், ஆனால் பொருளாதார முதுகலை இல்லாதவர்களுக்கு அங்கே கதவு திறக்காது. இடங்கள் குறைவு, ஆசைப்படத் தகுந்தவை. ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறை, வங்கிகள், ரேட்டிங் நிறுவனங்கள், டேட்டா வேலைகள் எல்லாம் உண்டு. நெட் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். வாங்கினால் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம்.

மாமா எம்.பி.ஏ. படிக்கச் சொல்கிறார். எதைப் படிக்க? (வாசகர், கரூர்)

ஒரு கடையை எப்படி நடத்துவது என்று எம்.பி.ஏ. சொல்லித்தரும். அதே தெருவில் பத்துக் கடை ஏன் மூடிக் கிடக்கிறது என்று எம்.ஏ. கேட்கும். எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடவில்லையோ, அதைப் படியுங்கள்.

கணக்கு என்றாலே கை நடுங்குகிறது. தேறுவேனா? (மாணவர், விருத்தாசலம்)

தேறுவீர்கள், பயத்தை இப்போதே தொட்டுப் பார்த்தால். வெங்காயம் கிலோ 40 ரூபாய் விற்றபோது அம்மா 2 கிலோ வாங்கினார். 60 ஆனதும் ஒன்றரை கிலோ. விலை 50 சதவீதம் ஏறியது, அளவு 25 சதவீதம்தான் குறைந்தது. குறைத்து வாங்கியும் செலவு 80-லிருந்து 90 ஆகிவிட்டது! 'தேவை நெகிழ்ச்சி' என்று வகுப்பில் மிரட்டுவது இதைத்தான். இதையே லட்சம் வீடுகளுக்குக் கணக்கிட கால்குலஸும் புள்ளியியலும் வேண்டும். சேருவதற்கு முந்தைய கோடை விடுமுறையில் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை மறுபடி எடுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

எங்கே படிக்கலாம்? (வாசகி, ஓசூர்)

சென்னையில் 1993-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். மும்பையில் ரிசர்வ் வங்கி நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம். டெல்லி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கேட் தேர்விலும் 2021 முதல் பொருளாதாரம் ஒரு பிரிவாக உண்டு.

பாடமெல்லாம் அமெரிக்கக் கதை. எங்கள் ஊருக்கு இதில் இடம் உண்டா? (மாணவி, சாத்தூர்)

நூறு வருடத்துக்கு முன்பே இடம் போட்டாயிற்று, அம்மா! சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். வெள்ளைக்காரர்தான். ஆனால் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி என்ன என்று எழுதிவரச் சொன்னார். 1918-இல் அது புத்தகமானது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், உங்கள் பக்கத்து வடமலைபுரம் எல்லாம் அதில் இருக்கின்றன. பின்வந்தவர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய், எது மாறியது என்று கணக்கெடுத்தார்கள்.

இந்த விடுமுறையில் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் பத்து வீடு ஏறி இறங்குங்கள். யார் யாரிடம் என்ன வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம், தொகை போதும். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு அதுவே முதல் பக்கம்.