எம்பி4, எம்பி5, அப்புறம்?

2005 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடில் வீடியோ ஓட்டிக் காட்டியது. அதன் விலையைக் கேட்டு மயங்கி விழுந்தவர்களைத் மலிவு பிளேயர்களைக் காட்டித் தண்ணீர் தெளித்து எழுப்பியது சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த நம் ரிட்சி தெருதான். “எம்பி3 பாட்டு மட்டும் பாடும். எம்பி4 படமும் காட்டும். எம்பி5ல கேமராவே இருக்கு சார்!” வகுப்புத் தேறுவதைப் போல ஆண்டுக்கொரு எண் ஏறியது. எம்பி3யும் எம்பி4ம் கோப்பு வடிவங்கள். எம்பி5 என்று ஒரு வடிவமே கிடையாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. எண் பெரிதானால் சரக்கு உசத்தி, அவ்வளவுதான்.

இதில் உச்சம், பல எம்பி4 பிளேயர்களில் எம்பி4 கோப்பு ஓடாது! ஏஎம்வி என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கான மென்பொருள் ஒரு குட்டி சிடியில் கூடவே வரும். ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரை ஓடவிட்டு மாற்றினால், விடிந்ததும் தீப்பெட்டி அளவு திரையில் ரஜினி படம் ஓடும். எது தலைவர், எது வில்லன் என்பதை வசனத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம், ஹெட்போனின் இரண்டு காதும் வேலை செய்தால்.

கொள்ளளவு தனிக் கூத்து. பெட்டியில் 16 ஜிபி என்றிருக்கும். கம்ப்யூட்டரும் அதையே சொல்லும், ஏனென்றால் உள்ளே இருக்கும் சிப்புக்குப் பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். முதல் 2 ஜிபியைத் தாண்டி ஏற்றிய பாட்டெல்லாம் பெயரளவில் மட்டுமே இருக்கும்.

ஐபாடையே 2022 மே மாதம் ஆப்பிள் கைவிட்டுவிட்டது. மலிவு பிளேயர்கள் இன்றும் விற்பனையில் உண்டு. வாங்குகிறவர்கள் கடையிலேயே அதை முழுக்க நிரப்பி, கடைசிப் பாட்டையும் கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.