சுண்டலுக்கு ஒரு வேஷம்

அக்டோபர் கடைசி இரவில் பேயாகவும் எலும்புக்கூடாகவும் வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் வசூலிக்கும் ஹாலோவீன், நம் நகரத்துப் பள்ளிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மெல்ல நுழைந்துவிட்டது. கலாசாரம் கெட்டுப்போச்சு என்று தலையில் கை வைப்பவர்கள் ஒரு கட்சி. பூசணிக்காயைக் குடைந்து மெழுகுவத்தி ஏற்றுபவர்கள் மறு கட்சி. பூசணிக்காய் என்றால் ஆயுத பூஜையன்று நடுரோட்டில் உடைத்து, பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரரைப் பயமுறுத்துவதுதான் நாம் அறிந்த முறை. இரு கட்சிக்கும் சேர்த்தே சொல்லலாம்: வேஷம் கட்டி அடுத்த வீட்டு வாசலில் நிற்பது நமக்கும் பழைய தொழில்தான். அந்தத் தொழிலை மறுபடி தொடங்க அந்தமானில் உள்ள வண்டூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

முதலில் கொலுவை எடுத்துக்கொள்வோம். நவராத்திரியில் கிருஷ்ணன், ஆண்டாள், முருகன் என்று வேஷம் போட்டுப் பிள்ளைகளைக் கொலுவுக்கு அழைக்க அனுப்புவது தமிழ்நாட்டில் பல தெருக்களில் இருந்த வழக்கம். போன வீட்டில் சுண்டல் சும்மா வராது. ஒரு பாட்டுப் பாடியாக வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகள் மிட்டாய் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்று மிரட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் அந்த மிரட்டலைப் பாட்டாகவே பாடிவிடுவதால், மூன்றாவது சரணம் தொடங்குமுன் சுண்டல் பொட்டலம் கைக்கு வந்துவிடும். இதைக் கேலி என்று தள்ள வேண்டாம். ஸ்காட்லாந்தில் வேஷமிட்டு வரும் பிள்ளைகளும் ஒரு பாட்டோ விடுகதையோ சொன்ன பிறகே தின்பண்டம் வாங்கும் மரபு உண்டு. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் மிட்டாய் வசூல் படுத்துவிட்டது. கொண்டைக்கடலையை நம்பிய பண்டிகைக்கு அந்த ஆபத்தும் இல்லை.

வேஷம் அலங்காரத்தோடு நிற்பதில்லை. அது ஓர் அனுமதிச் சீட்டு. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு விரதமிருந்து வேஷம் கட்டுபவர்களைப் பாருங்கள். காளி, கரடி, குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர் என்று வீடு வீடாக, கடை கடையாகக் காணிக்கை வாங்கிக் கோவிலில் சேர்க்கிறார்கள். சாதாரண நாளில் கதவைத் தட்டினால் "யாரு? யார் வீட்டுப் பிள்ளை? எந்தத் தெரு?" என்று மூன்று கேள்வி வரும். கரடியிடம் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. சாதியையும் சம்பளத்தையும் மோப்பம் பிடிக்கும் அந்த மூன்று கேள்வியைச் சில நாட்களுக்காவது வாயடைக்க வைப்பது பெரிய காரியம்.

இப்போது வண்டூருக்கு வருவோம். கடல்சார் தேசியப் பூங்காவுக்கும் ஜாலி பாய் தீவுக்குப் போகும் படகுக்கும் பெயர்பெற்ற ஊர். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்டு வந்த மலபார் முஸ்லிம்களான மாப்பிளைமார், வண்டூர், மஞ்சேரி, திரூர் என்று தங்கள் சொந்த ஊர்ப் பெயர்களைத் தெற்கு அந்தமானில் நட்டுவிட்டார்கள். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்து அகதிகள் தீவுகளுக்கு வந்தார்கள். தமிழர், தெலுங்கர், ராஞ்சிக்காரர் எல்லாரும் கப்பல் ஏறி வந்தவர்களே. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் வங்காளமும் இந்தியும் பேசுவோருக்கு அடுத்தபடி தமிழ் பேசுவோர்தான். நூற்றுக்குச் சுமார் 15 பேர். இவர்கள் விட்டுவந்த ஊர்களில் வேஷத்துக்குப் பஞ்சமே கிடையாது. வங்காளத்தில் சிவனாகவும் புலியாகவும் வீடு வீடாக வரும் பகுரூபிகள். வட மலபாரில் ஓணத்துக்கு வாயே திறக்காமல் மணியடித்து வரும் ஓணப்பொட்டன். டிசம்பர் புழுக்கத்திலும் பஞ்சுத் தாடியோடு கேரல் பாட்டுக்கு ஆடும் கிறிஸ்துமஸ் தாத்தா. சரக்கு இவ்வளவு இருக்கும்போது பேயை வெளிநாட்டிலிருந்து இறக்குவானேன்? அதுவும், கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகையும் தடுப்பு வலையும் உள்ள ஊரில் வெள்ளைத் துணி போர்த்திய பேய்க்கு யார் பயப்படுவார்கள்?

மறுப்புகள் வரும். பிள்ளைகளைப் பிச்சை எடுக்கப் பழக்குகிறோம் என்பது முதல் மறுப்பு. கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப் பையை எண்ணி வாங்கும் பெரியவர்கள் இதைச் சொல்லாமலிருப்பது நல்லது. தவிர, பாட்டுப் பாடி வாங்குவது கூலி. கொலு ஒரு மதத்தார் பண்டிகை, அதிலும் சில சாதித் தெருக்களுக்குள்ளேயே சுற்றியது என்பது இரண்டாவது. இது நியாயமான குற்றச்சாட்டு, மழுப்ப முடியாது. ஆனால் அதற்கு மருந்து சுற்றை நிறுத்துவதில் இல்லை, அகலமாக்குவதில் இருக்கிறது. ஓணத்தில் தொடங்கி நவராத்திரி, துர்கா பூஜை வழியாகக் கிறிஸ்துமஸ் வரை எந்தப் பிள்ளையும் எந்த வாசலிலும் நிற்கலாம் என்று வைத்துக்கொண்டால், சாமியாக வர விரும்பாத பிள்ளை முதலையாக வரட்டும். முதலைக்கு மதம் கிடையாது, பசி மட்டும்தான். கண்டவர் வீட்டுப் பண்டத்தைத் தின்று வயிறு கெடும் என்பது மூன்றாவது. நிறம் ஏற்றிய மிட்டாயைவிட வேகவைத்த கடலை வயிற்றுக்கு நல்லது என்பதற்கு மருத்துவர் சான்று தேவையில்லை.

மழையை மட்டும் வாதாடி வெல்ல முடியாது. அக்டோபர் அந்தமானில் மழைக்காலம்; நீலக் கிருஷ்ணன் மூன்றாவது வீடு போவதற்குள் வெளுத்துவிடுவான். குடை பிடித்த கிருஷ்ணனையும் ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் முகமூடி மட்டும் வேண்டாம். ஜாலி பாய் போகிறவர்களிடம் பிளாஸ்டிக்கைச் சோதித்துப் பிடிக்கும் ஊர் இது. பாளையும் தென்னங்கீற்றும் பழைய புடவையும் போதும். கடலை கப்பலில் வர வேண்டும். தேங்காய் தோட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே வண்டூர்க்காரர்களே, இந்த நவராத்திரிக்குக் கடலையைக் கொஞ்சம் அதிகமாகவே ஊறப்போடுங்கள். வாசலில் முதலை வந்து நின்றால் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காதீர்கள். என்ன பாட்டுத் தெரியும் என்று கேளுங்கள்.