பாலில் தண்ணீர் கலந்தவர்கள் வளர்த்த பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டமளிப்பு அங்கி, துணைவேந்தர் கார், யாருக்கும் அர்த்தம் தெரியாத முத்திரை வாசகம். எனக்கு ஞாபகம் வருவது தண்ணீர் கலந்த பால். விஷயம் இருக்கிறது, கேளுங்கள்.

அமெரிக்காவின் வடக்குக் கோடியில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம். அதன் தலைநகரான மேடிசனில் 1848-ல் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கினார்கள். 1862-ல், உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருக்கும்போது, லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாநிலத்துக்கு எத்தனை எம்.பி.க்களோ, தலைக்கு 30,000 ஏக்கர். விற்று வரும் பணத்தில் விவசாயமும் தொழிலும் கற்றுக்கொடுக்க வேண்டும். நிலம் வந்தது. பேராசிரியர் வந்தார். விவசாயம் படிக்கத்தான் ஆள் வரவில்லை.

ஏன் வருவான்? நம் வீடுகளில் "படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்" என்று மிரட்டுவார்கள். இவர்களோ மாடு மேய்க்கவே படிக்கச் சொல்கிறார்கள்!

அந்த ஊர்க்காரர்களுக்கு அப்போது மாடே லட்சியமில்லை. கோதுமை, கோதுமை, கோதுமை. மண் சத்திழந்து, மிச்சத்தைப் பூச்சி தின்று முடித்த பிறகுதான் ஹோர்ட் என்கிற பத்திரிகைக்காரர் சொன்னது காதில் விழுந்தது: "மாடு வாங்குங்கப்பா!" இந்த ஹோர்ட் ஹாப்ஸ் பயிரில் பணத்தைப் போட்டுத் திவாலானவர். அடுத்தவருக்கு விவசாய ஆலோசனை சொல்ல இதைவிடத் தகுதி வேண்டுமா? தன் தொழுவத்தில் அவர் ஒரு நோட்டீஸ் மாட்டியிருந்தார். இது தாய்மார்கள் குடியிருக்கும் வீடு, மாட்டிடம் கோபப்படுகிறவனுக்கு இங்கே வேலையில்லை என்பது அதன் சாரம். 1889-ல் மனிதர் கவர்னரே ஆகிவிட்டார். தேர்தலில் மாடுகளுக்கு ஓட்டு இல்லை என்பதையும் கவனியுங்கள்.

மாடு வந்தது, பால் வந்தது. கூடவே, உலகமெங்கும் பாலோடு வருகிற அதுவும் வந்தது.

சீஸ் தொழிற்சாலையில் எல்லோர் பாலையும் ஒரே தொட்டியில் கொட்டி, எடைக்கு எடை காசு கொடுத்தார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பக்திமான்கள் என்ன செய்தார்கள்? சிலர் ஆடையை வழித்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள். சிலர் கேனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். நாணயமாகக் கொழுத்த பால் ஊற்றியவனுக்கும் அதே காசு. அவன் எத்தனை நாள் நாணயமாக இருப்பான்? நம் ஊர் பால்காரரைத் திட்டிய பாவமெல்லாம் எனக்கு இதைப் படித்த அன்றோடு தீர்ந்தது.

இங்கேதான் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாப்காக் என்ட்ரி. ஜெர்மனியில் டாக்டர் பட்டம் வாங்கிய வேதியியல்காரர், சிரிப்புப் பேர்வழி. விவசாயப் பிரிவின் டீன் ஹென்ரி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பாலில் எவ்வளவு கொழுப்பு என்று எந்தக் குப்பனும் சுப்பனும் பார்த்துச் சொல்கிற மாதிரி ஒரு வழி. பாப்காக் கண்டுபிடித்தார். பல்கலைக்கழகத் தொழுவத்தில் எல்லா மாட்டுப் பாலுக்கும் கணக்கு சரியாக வந்தது, ஒரே ஒரு மாட்டைத் தவிர. "ஒரு மாடுதானே, வெளியிட்டுவிடலாம்" என்றார் டீன். பாப்காக் முடியவே முடியாது என்றுவிட்டார். டீனை எதிர்த்து மாட்டின் பக்கம் நின்ற பேராசிரியர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

1890-ல் முறை தயார். நீளக் கழுத்துக் கண்ணாடிக் குப்பியில் 17.6 மில்லி பால், ஏறக்குறைய அதே அளவு அடர் கந்தக அமிலம். ஊற்றிக் குலுக்கினால் பால் காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு மாறி, கையைச் சுடும். அமிலம் மற்றதையெல்லாம் கரைத்துவிட்டுக் கொழுப்பை மட்டும் விட்டுவைக்கும். குப்பியை வட்டச் சட்டத்தில் மாட்டிக் கைப்பிடியால் விர்ரென்று சுற்றி, வெந்நீர் ஊற்றினால், மஞ்சள் கொழுப்பு மேலேறிக் கழுத்தில் வந்து நிற்கும். கழுத்தில் கோடு போட்டிருக்கும். படி! அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் வண்டவாளம் கழுத்து வரை ஏறி நின்றது.

பைபிள் திருத்தாதவர்களைப் பாப்காக் குப்பி திருத்தியது என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. இன்று நம் பால் சொசைட்டியில் காலை இருட்டில் கேனோடு நின்று "ஃபேட் எவ்வளவுங்க?" என்று கேட்கிறாரே ஒருவர், அந்தக் கேள்விக்கு ஒன்றுவிட்ட தாத்தா இந்தக் குப்பி. பாப்காக் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கோடீஸ்வரர். நண்பர்கள் இவரைச் சிரிப்புப் பேர்வழி என்றது இதனால்தானோ என்னவோ!

1904-ல் பல்கலைக்கழகத் தலைவர் வான் ஹைஸ் பதவியேற்பு விழா. கூடிய சீக்கிரமே அவர் கம்பீரமாக ஒன்றை முழங்கினார்: பல்கலைக்கழகத்தின் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் எட்டும்வரை ஓயமாட்டேன்! 'விஸ்கான்சின் ஐடியா' என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். அவர் முழங்கியபோது அமிலக் குப்பி ஏற்கெனவே பதினான்கு வருடமாகக் கிராமம் கிராமமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

குடும்பங்களும் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகம் வீட்டுக்கு வரும்வரை காத்திராமல் வீடு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியது.

1933 பிப்ரவரி, சனிக்கிழமை, பனிப்புயல். எட் கார்ல்சன் என்கிற விவசாயி 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி மேடிசன் வந்தார். வண்டியில் செத்த கிடாரி ஒன்று, கெட்டுப்போன க்ளோவர் தீவனம் ஒரு மூட்டை, பால் கேன் நிறைய ரத்தம். உறையாத ரத்தம். அரசாங்கக் கால்நடை அலுவலகம் லீவு. கண்ணில் பட்ட கட்டடத்தில் நுழைந்தார். உள்ளே கார்ல் பால் லிங்க் என்கிற வேதியியல் பேராசிரியர். "அந்தத் தீவனம் போடாதீங்க" என்றார் அவர். அது கார்ல்சனுக்குத் தெரியாதா? பொருளாதாரமே படுத்துக் கிடக்கும் வருடத்தில் வேறு தீவனம் யார் வீட்டுப் பணத்தில் வாங்குவது? மனிதர் கேனை அங்கேயே விட்டுவிட்டு அதே பனியில் திரும்பிப் போனார்.

லிங்கின் உதவியாளரான ஜெர்மன்காரர் அந்த ரத்தத்தில் கையை விட்டுவிட்டு நாடக வசனம் மாதிரி புலம்பினாராம். புலம்பலுக்குப் பலன் கிடைத்தது, ஆறு வருடம் கழித்து. தீவனத்தில் ரத்தத்தை உறையவிடாமல் செய்தது எது என்று 1939-ல் பிடித்தார்கள். பிறகு லிங்க் காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது பொழுதுபோக்காக எலி ஒழிப்பு பற்றிப் படித்தார். (நாமெல்லாம் ஆஸ்பத்திரியில் வார இதழ்தான் படிப்போம்.) 1948-ல் அந்தத் தீவனச் சரக்குக்கு உறவுக்காரப் பொருளான வார்ஃபரின் எலிப் பாஷாணமாகக் கடைக்கு வந்தது. 1954-ல் அதையே மனிதருக்கு மருந்தாக அனுமதித்தார்கள். அடுத்த வருடம் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். எலிக்கு வைத்தது ஜனாதிபதிக்குப் போனது, அவர் பிழைத்தும் விட்டார்!

வார்ஃபரின் பெயரில் இருக்கும் 'வார்ஃப்' பல்கலைக்கழகத்தின் காப்புரிமை அமைப்பு. அதைத் தொடங்க வைத்தவர் ஸ்டீன்பாக். உணவில் புற ஊதாக் கதிர் பாய்ச்சினால் வைட்டமின் டி உண்டாகும் என்று கண்டவர். பாப்காக் போல் சும்மா தூக்கிக் கொடுக்காமல் இவர் காப்புரிமை கேட்டார். பணத்தாசையா? சேச்சே. போலி வெண்ணெயான மார்கரினை விற்கிற கம்பெனிக்காரன் கையில் அது சிக்கிவிடக் கூடாதே என்கிற வெண்ணெய்ப் பற்று!

மார்கரின் என்றாலே அந்த மாநிலத்துக்கு ஆகாது. மஞ்சள் சாயம் போட்ட மார்கரினை 1895 முதல் 1967 வரை விற்கவே தடை. விளைவு? கௌரவமான குடும்பத்தலைவிகள் பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸுக்குக் காரில் போய் டிக்கி நிறையக் கடத்தி வந்தார்கள்.

தடையைக் காக்கப் போராடிய வீரர்களில் தளபதி, மாநில செனட்டர் கோர்டன் ரோஸ்லீப். கண்ணை மூடிக்கொண்டு தின்றால்கூட வெண்ணெயைக் கண்டுபிடிப்பேன் என்றார். 1965-ல் பொதுவில் பரீட்சை வைத்தார்கள். தின்றார், யோசித்தார், மார்கரினைக் காட்டி இதுதான் வெண்ணெய் என்றார்.

ரகசியத்தைப் பல வருடம் கழித்துக் குடும்பத்தார் உடைத்தார்கள். அவர் உடம்பை நினைத்துக் கவலைப்பட்ட மனைவி, வீட்டில் ரொட்டிக்கு ரொம்ப நாளாக வெண்ணெய் என்று சொல்லித் தடவிக்கொண்டிருந்தது இல்லினாய்ஸ் சரக்கு.